எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா: நோர்வேக் காட்டில் நான் கற்றவை

நான் சுட்ட முதல் ரோ மானின் முன்னங்கால்கள் இரண்டையும் குப்பையில் போட வேண்டியிருந்தது. துரொண்ட்ஹைமிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போய்ச் சேரும் ஒரு விவசாயியின் புல்வெளி, செப்டெம்பர் இறுதி, 40 மீட்டர் தூரம், பக்கவாட்டில் அசையாமல் நின்ற விலங்கு; எந்தக் குறையும் சொல்ல முடியாத சூடு அது. மான் நின்ற இடத்திலேயே சரிந்தது. ஆனால் தோலை உரித்தபோது, இரண்டு தோள்களிலும் இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் கருஞ்சிவப்புக் கூழும் எலும்புத் துகள்களும்தான் இருந்தன. மிச்சத்தை வீட்டுச் சமையலறை மேசையில் பரப்பியபோது மனைவி ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதைத் துவக்கால சுட்டனீங்களோ, வெடி வச்சனீங்களோ?" என்று கேட்டார். 25 கிலோவைத் தாண்டாத ஒரு விலங்கின் மீது, 400 கிலோ எடையுள்ள, எல்க் என்னும் பெரிய மான் வகையை மனத்தில் வைத்து வாங்கிய .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைப் பாவித்திருந்தேன்.

வன்னியில் வளர்ந்தவனுக்குத் துவக்கு புதிதன்று. பெரியப்பா வைத்திருந்தது இடியன். குழாயின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, அதன் மேல் சன்னத்தைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்துக் கம்பியால் இடித்து இறுக்குவார். முயலுக்கென்றால் மருந்து குறைவு, சன்னம் பொடி. பன்றிக்கென்றால் மருந்து கூட, ஈயத்துண்டு பெரிது. விலங்கைப் பார்த்து அளவை மாற்றும் அறிவு அவருடைய உள்ளங்கையில் இருந்தது. எண்பதுகளின் இறுதியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவனாக நானும் வந்து, பிறகு துரொண்ட்ஹைமுக்கு இடம்பெயர்ந்து, ஐம்பது வயதை நெருங்கும்போது உடன்வேலை செய்த நோர்வேக்காரர்களின் தூண்டுதலால் வேட்டைக்காரர் தேர்வு எழுதினேன். தோட்டாவைப் பெட்டியாகக் கடையில் வாங்கும் நாட்டில், பெரியப்பா கையால் செய்துவந்த அந்தத் தெரிவை நான் பெட்டியின் மீதுள்ள எழுத்துகளைப் படித்துச் செய்தாக வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தேர்வுக்காகச் சில எண்களை மனப்பாடம் செய்திருந்தேன். எல்க், சிவப்பு மான், ரெயின்டீர் ஆகியவற்றுக்கு, உடலில் பட்டதும் விரியும் சன்னம் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகும் துண்டு) கட்டாயம். அது 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 முதல் 10 கிராம் வரையுள்ள சன்னத்துக்கு 100 மீட்டரில் 2700 ஜூல் ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும், 10 கிராமுக்கு மேற்பட்டதற்கு 2200 ஜூல் போதும். ரோ மானுக்கு 980 ஜூல். இவை குறைந்தபட்ச எல்லைகள் மட்டுமே என்பதை விளங்கிக்கொள்ளாமல், எண் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொண்டேன். கடையில் நின்ற இளைஞரும் மறுக்கவில்லை. 11.7 கிராம் சன்னத்தை விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் அனுப்பும் துவக்கு அது. குழல் வாயில் 4700 ஜூல். சட்டம் கேட்டதைப் போல் இரு மடங்குக்கு மேல் வைத்திருக்கிறேன் என்ற பெருமையோடு வீடு வந்தேன்.

தோட்டா என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கோது, அதனுள் மருந்து, அடியில் தீப்பற்றவைக்கும் சிறு மூடி, முனையில் செருகிய சன்னம். இவற்றில் விலங்கைத் தொடுவது சன்னம் ஒன்றுதான். மற்ற மூன்றும் சேர்ந்து அதற்கு வேகத்தைக் கொடுப்பதோடு சரி. அப்படியிருந்தும், தெரிவைப் பற்றிப் பேசும்போது நாம் கோதின் பெயரையே விவாதிக்கிறோம், ".308 நல்லதா, .30-06 நல்லதா" என்று மணிக்கணக்கில் பேசுபவர்களில் பலர், இரண்டிலும் ஒரே 7.82 மில்லிமீட்டர் விட்டமுள்ள சன்னமே செருகப்படுகிறது என்பதையும், 100 மீட்டரில் நிற்கும் எல்க்குக்கு அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தெரியப்போவதில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். என் ரோ மானுக்கு நேர்ந்ததும் சன்னத்தின் கதைதான். நான் வாங்கியிருந்தது மென்மையான ஈயக் கருவும் மெல்லிய செம்பு உறையும் கொண்ட மலிவான வகை. அந்த வகைச் சன்னம் மிதமான வேகத்தில் காளான்போல் ஒழுங்காக விரியும். 40 மீட்டரில், வேகம் ஏறக்குறைய முழுதாக இருக்கும்போது, தோள் எலும்பில் மோதினால் அது விரிவதற்குப் பதிலாகச் சிதறும்.

அடுத்த தவறு இதைவிடப் பாரமானது. அதே ஆண்டு ஒக்டோபரில், எங்கள் வேட்டைக் குழுவில் எனக்கு ஒதுக்கியிருந்த இடத்துக்கு முன்னால், நாய் விரட்டிக்கொண்டுவந்த ஓர் எல்க் பசு 70 மீட்டரில் வந்து நின்றது. நான் சுட்ட சூடு நுரையீரலைத் தவறவிட்டு, ஒரு முழம் பின்னால், வயிற்றில் பட்டது. எல்க் முதுகை வளைத்து, மெதுவாக மரங்களுக்குள் போனது. குழுத் தலைவர் என்னைத் திட்டவில்லை. வானொலியில் எல்லோரையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தேடுநாயோடு வருபவரை அழைத்தார். எல்க், சிவப்பு மான், ரோ மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தேடுநாய் ஒன்றை வரவழைக்க வழிசெய்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டின் விதி. அன்று அதன் அருமை விளங்கியது. நான்கு மணி நேரம் கழித்து, இருட்டுவதற்குச் சற்று முன், ஒரு சதுப்பின் ஓரத்தில் அதைக் கண்டுபிடித்து முடித்தோம். அந்த நான்கு மணி நேரமும் அந்த விலங்கு உயிரோடிருந்தது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏன் அங்கே பட்டது என்று எனக்கு விளங்கவில்லை. துவக்கின் தொலைநோக்கி பிசகியிருக்கலாம் என்று நினைத்தேன். குழுவில் மூத்தவரான, எழுபது தாண்டிய ஒருவர் அதை ஏற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். "நீ சுடு, தோட்டாவை நான் போட்டுத் தருகிறேன்" என்றார். முதல் மூன்று சூடும் வழக்கம்போல் காதை அடைத்துத் தோளை இடித்தன. நான்காவதுக்கு நான் விசையை அழுத்தியபோது வெறும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவை அவர் எனக்குத் தெரியாமல் போட்டிருந்தார். அந்த டிக்கோடு சேர்ந்து குழலின் முனை ஒரு விரற்கடை கீழே குத்தி இடப்பக்கம் இழுபட்டதை இருவரும் பார்த்தோம். வெடிக்கப்போகிறது என்று எண்ணி என் உடம்பு முன்கூட்டியே சுருங்கியிருந்தது. கண்ணையும் மூடியிருந்தேனாம். அவர் சிரிக்கவில்லை, அடுத்த பத்துச் சூட்டில் எந்த எண்ணிக்கையில் வெற்றுத் தோட்டா வரும் என்று தெரியாமல் என்னைச் சுடவைத்தார். ஆறு தடவை குழல் ஆடியது.

பின்னுதைப்பைப் பொறுத்துக்கொள்வது ஆண்மை சம்பந்தப்பட்ட விடயம் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். மூன்றரைக் கிலோ எடையுள்ள துவக்கில் .300 மேக்னத்தின் உதைப்பு, அதே எடையுள்ள துவக்கில் 6.5×55 தோட்டா தரும் உதைப்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சிலருக்கு அது பொருட்டே அல்ல. குழுவில் ஒருவர் 9.3×62 என்னும் தடித்த ஜெர்மன் தோட்டாவை, 1905இல் உருவாகி ஆப்பிரிக்காவரை போன அந்தப் பழைய வகையை, இருபது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டே சுடுகிறார். எனக்கு அது ஒத்துவராது. பெரிய வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் 30 பயிற்சிச் சூடுகளை முடித்து, அதன்பின் 100 மீட்டரிலுள்ள ரெயின்டீர் உருவத்தின் நெஞ்சுப் பகுதியில் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து சூட்டையும் போட்டுத் தேற வேண்டும். தோட்டாவின் விலையையும் தோளின் வலியையும் காரணம் காட்டி நான் அந்த 30க்கு மேல் ஒன்றும் சுட்டதில்லை. இன்று 300 சுடுகிறேன் என்றால், என் தோட்டா என்னைப் பயமுறுத்துவதில்லை என்பதுதான் காரணம்.

மேக்னத்தை விற்றுவிட்டு வாங்கியது, பாவித்த ஒரு பின்லாந்துத் துவக்கு, 6.5×55. நோர்வேயும் சுவீடனும் 1894இல் தங்கள் படைகளுக்காகத் தேர்ந்தெடுத்த தோட்டா இது; ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேரின் அலுமாரியில் இதற்கான துவக்கு ஒன்றாவது இருக்கும். இங்கேயும் ஒரு பொறி உண்டு, அதில் ஒரு முறை கால் வைத்தேன். கடையில் 9.1 கிராம் சன்னம் கொண்ட பெட்டி மலிவு விலைக்குக் கிடைத்தது. 9 கிராம் எல்லையைத் தாண்டிவிட்டதே என்று இரண்டு பெட்டி வாங்கினேன். வீட்டில் வந்து பெட்டியின் பக்கவாட்டு அட்டவணையைப் படித்தால், 100 மீட்டரில் எஞ்சும் ஆற்றல் 2700 ஜூலுக்குக் கீழே. அதாவது எல்க்குக்கு அது சட்டப்படி செல்லாது. அதே கோதில் 10.1 கிராம் சன்னத்தைச் செருகினால் வேகம் விநாடிக்கு 780 மீட்டர் அளவுக்கு இறங்கும். 100 மீட்டரில் சுமார் 2500 ஜூல் எஞ்சும். ஆனால் 10 கிராமைத் தாண்டிவிட்டதால் தேவைப்படுவது 2200 மட்டுமே. ஒரே ஒரு கிராம் வேறுபாட்டில் ஒரு பெட்டி எல்க்குக்கு ஆகாது, மற்றப் பெட்டி தாராளமாக ஆகும். தோட்டா வாங்குபவர்கள் பெட்டியின் முகப்பிலுள்ள எல்க் படத்தைப் பார்க்காமல், பக்கவாட்டிலுள்ள சிறிய எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். அமெரிக்கப் பெட்டிகளில் எடை கிரெயினில் இருக்கும். 1 கிரெயின் என்பது 0.0648 கிராம், ஆகவே 156 கிரெயின் என்றால் 10.1 கிராம்.

அந்த 10.1 கிராம் சன்னத்திலும், ஈயக் கருவும் செம்பு உறையும் பிரியாதபடி ஒன்றோடொன்று பற்றவைத்த வகையையே இப்போது பாவிக்கிறேன். எல்க்கின் தோள் எலும்பைத் தாண்டி நெஞ்சுக்கூட்டின் மறுபுறம்வரை போவதற்குத் தேவையான பாரம் அதில் எஞ்சியிருக்கும். வியப்பு என்னவென்றால், அதே சன்னம் ரோ மானுக்கும் பொருந்துகிறது. வேகம் மிதமாக இருப்பதாலும், சிதறாமல் ஒரே துண்டாகப் போவதாலும், தோளை விட்டு அதற்குச் சற்றுப் பின்னால் விலா எலும்புகளுக்கிடையே சுட்டால், இரண்டு பக்கமும் விரல் நுழையும் துளை மட்டுமே இருக்கும். மான் நின்ற இடத்தில் விழாது, 40 அல்லது 50 மீட்டர் ஓடும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலேயே விழவேண்டும் என்ற ஆசைதான் பலரைத் தோளைக் குறிவைக்கத் தூண்டுகிறது. ரோ மானுக்கு மட்டுமே போகிறவருக்கு .223 போன்ற சிறிய தோட்டா சட்டப்படி போதும், உதைப்பும் இல்லை. ஆனால் அதே துவக்கை எல்க்குக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே துவக்கு வாங்கப் பணமுள்ளவர் எல்க்கின் எல்லையிலிருந்து தொடங்கிக் கீழே வருவது நல்லது.

நுரையீரலில் அடிபட்ட எல்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் எதுவும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கும், அல்லது சில அடிகள் நடக்கும். புதியவர் தவறவிட்டோம் என்று நினைத்துத் துவக்கைத் தாழ்த்துவார். மூத்தவர் எனக்குச் சொன்னது, அது விழும்வரை சுடு என்பதே. மேக்னம் வைத்திருந்தபோது இரண்டாவது சூட்டுக்கு என் கண் குறியைத் திரும்பப் பிடிப்பதற்குள் விலங்கு மறைந்திருக்கும். 6.5இல், குழல் முனையில் ஒலித்தணிப்பானும் இருப்பதால் (நோர்வேயில் அது சாதாரண விடயம்), சன்னம் படுவதைத் தொலைநோக்கியிலேயே பார்க்க முடிகிறது.

முழுச் செம்புச் சன்னத்தை இரண்டு பருவம் முயன்றேன். ஈயத் துகள் இறைச்சியில் கலக்காது என்பது பெரிய நன்மை, பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது சிறிய விடயமன்று. ஆனால் செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குச் சன்னம் நீளமாகிறது. விரிவதற்கு அதற்கு நல்ல வேகமும் வேண்டும். 6.5இன் மிதமான வேகத்தில், தூரம் கூடும்போது, அது குறைவாக விரிந்து ஊசிபோல் துளைத்துச் சென்றது. ஒரு கன்று 120 மீட்டர் ஓடியது, வழியில் குருதிச் சொட்டே இல்லை, நாய்தான் கண்டுபிடித்தது. .308 வைத்திருக்கும் என் நண்பர் அதே வகைச் செம்புச் சன்னத்தை, சற்று இலேசான எடையில், கூடுதல் வேகத்தில் சுட்டு முழு மனநிறைவோடு இருக்கிறார். குறை செம்பில் இல்லை, அதை நான் செருகிய கோதில்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை டோவ்ர மலைப்பகுதியில் ரெயின்டீர் அனுமதி கிடைத்தது. காட்டில் 60, 70 மீட்டரில் சுட்டுப் பழகியவனுக்கு, மரமே இல்லாத அந்த மேட்டில் 200 மீட்டர் என்பது கைக்கெட்டும் தூரம்போல் தெரியும். 100 மீட்டரில் குறியில் படும்படி நேர்செய்த என் உருண்டை முனைச் சன்னம் 200இல் சுமார் 15 சென்ரிமீட்டர் கீழே விழும்; விநாடிக்கு 8 மீட்டர் பக்கக் காற்று அதை ஒரு சாண் தள்ளும். இரண்டையும் சேர்த்தால் நெஞ்சைக் குறிவைத்தது எங்கே போய்ப் படும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய கூர்முனைச் சன்னம் காற்றை நன்றாகக் கிழிக்கும் என்பது உண்மைதான், மலைக்கே அடிக்கடி போகிறவர் அதைத் தேட வேண்டும். நான் அன்று வயிற்றால் ஊர்ந்து 110 மீட்டருக்குப் போய்த்தான் சுட்டேன். முழங்கால் இரண்டு வாரம் வலித்தது.

பறவை வேட்டையில் கணக்கு தலைகீழ். பனி விழுந்த பிறகு பைன் மரங்களின் உச்சியில் உட்கார்ந்து ஊசியிலை தின்னும் தியுர் என்னும் பெரிய காட்டுக்கோழிச் சேவல் 4 கிலோ இருக்கும். விரியும் சன்னம் பட்டால் இறகு மட்டுமே மிஞ்சும். அதற்கு மட்டும், பெரிய விலங்குக்குத் தடைசெய்யப்பட்ட, முழுவதும் உறையிட்ட விரியாத சன்னம் சரி. என் முதல் தியுர் 130 மீட்டரில் உட்கார்ந்திருந்தது, சுட்டேன், அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தது. தாளில் சுட்டுப் பார்த்தபோதுதான், புதிய சன்னம் பழையதைவிட 9 சென்ரிமீட்டர் இடப்பக்கம் மேலே படுகிறது என்று தெரிந்தது. துவக்கும் ஒன்று, கோதும் ஒன்று, சன்னம் மாறியதும் படும் இடமும் மாறிவிடும். மரவுச்சியை நோக்கிச் சுடும்போது பின்னால் மலைச்சரிவு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்கெல்லாம் முந்தியது. தவறிய சன்னம் சில கிலோமீட்டர் பறக்கும், வானம் அதைத் தடுக்காது.

கடந்த ஆண்டு வேட்டைக்காரர் தேர்வு எழுதிய ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணை, எல்க்குக்கு .300 தானே திறம் எண்டு கடையில சொல்லுறாங்கள்" என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை. சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், நண்பர் ஒருவரின் மேக்னத்தையும் என் 6.5ஐயும் மாறிமாறிக் கொடுத்து, நடுவில் பயிற்சித் தோட்டா இரண்டைக் கலந்துவிட்டேன். மூத்தவர் எனக்குச் செய்த அதே வேலை. ஒக்டோபரில் அவர் தன் முதல் எல்க் கன்றை, பாவித்த 6.5 ஒன்றால், 80 மீட்டரில் சுட்டார். தோலுரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கடியில் சன்னம் சிக்கியிருந்ததாம். அதை ஒரு சிறு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு என் வீட்டுக்கே கொண்டுவந்தார். மனைவி கேக் மா நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். நான்கு இதழாக விரிந்து, அடிப்பகுதி சிதையாமல், 9.3 கிராம்.